தேநீர்க் கூஜாவும் முக்கோணமும்: கணினி கற்போருக்கு வழிகாட்டிய நூல்களும் கருவிகளும்

கணினித் துறையில் பிள்ளையைச் சேர்த்துவிட்ட பெற்றோர் புத்தகக் கடைக்குள் நுழைந்ததும் திகைத்து நிற்பது வழக்கமான காட்சி. அலமாரி நிறைய நூல்கள். ஒவ்வொன்றும் தலையணைக் கனம். விலையோ பெரும்பாலும் நூறு வெள்ளியைத் தாண்டும். கடன் பட்டாவது வாங்கிக் கொடுத்தால், நான்கைந்து ஆண்டுகளில் அந்நூல் கற்பிக்கும் மென்பொருளே புழக்கத்தில் இருப்பதில்லை. அப்படியானால் எந்த நூலை வாங்குவது, எந்தக் கருவியைக் கற்பது?

இக்கேள்விக்கு விளம்பரங்களில் விடை கிடைக்காது. எந்த நூல்கள் எப்படிப் பிறந்தன, எவை முப்பது நாற்பது ஆண்டுகள் நிலைத்தன, எவை மறைந்தன என்ற வரலாற்றில்தான் விடை இருக்கிறது. இதற்கு இரண்டு துறைகள் நல்ல எடுத்துக்காட்டு. ஒன்று, கணினித் திரையில் படங்களை உருவாக்கும் வரைகலை நிரலாக்கம். விளையாட்டு, திரைப்படம், மருத்துவப் படம் எனக் கண்ணைக் கவரும் துறை அது. மற்றொன்று மென்பொருள் சோதனை. பிறர் எழுதிய நிரலில் குறை தேடும் வேலைதானே என்று பலரும் அதை இரண்டாம் தரமாக எண்ணுகின்றனர். அந்த எண்ணம் எவ்வளவு பெரிய தவறு என்பதையும் வரலாறு காட்டுகிறது.

ஒரு கோடு போடுவதற்கே ஒரு கணக்கு

1963-ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்ஐடி கல்விக்கழக மாணவர் ஐவன் சதர்லண்ட் தமது முனைவர் பட்டத்திற்காக 'ஸ்கெட்ச்பேட்' என்னும் நிரலை உருவாக்கினார். டிஎக்ஸ்-2 என்ற கணினியின் திரையில் ஒளிப்பேனாவை வைத்து நேரடியாகக் கோடு வரையலாம், வட்டம் போடலாம், வரைந்ததை நகர்த்தலாம். துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருந்த காலத்தில் அது பெரும் புதுமை.

திரையிலோ வரைகருவியிலோ ஒரு சாய்ந்த கோடு போடுவது அன்று எளிதாக இல்லை. கோடு என்பது வரிசையாக வைக்கப்படும் புள்ளிகள்தான். எந்தப் புள்ளிக்கு அடுத்து எந்தப் புள்ளி என்று கணக்கிடப் பெருக்கலும் வகுத்தலும் தேவைப்பட்டன. அக்காலக் கணினிகளுக்கு அவை மிக மெதுவான வேலைகள். ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஜாக் பிரெசன்ஹாம் 1962-இல் ஒரு வழி கண்டார். முழு எண்களைக் கூட்டியும் கழித்தும் ஒப்பிட்டுமே அடுத்த புள்ளி நேரே போகிறதா, ஒரு படி ஏறுகிறதா என்று முடிவு செய்துவிடலாம் என்று காட்டினார். 1965-இல் அது கட்டுரையாக வெளிவந்தது. அறுபது ஆண்டுகள் கடந்தும் வரைகலை வகுப்புகளில் அது கற்பிக்கப்படுகிறது.

யூட்டா மாணவர்களும் ஒரு தேநீர்க் கூஜாவும்

1968-இல் சதர்லண்ட் யூட்டா பல்கலைக்கழகத்திற்குச் சென்று, அங்கு ஏற்கெனவே துறையை அமைத்திருந்த டேவிட் எவன்சுடன் இணைந்தார். அடுத்த ஏழெட்டு ஆண்டுகளில் அந்த ஒரே துறையிலிருந்து வெளிவந்த கண்டுபிடிப்புகள் வியப்பளிக்கின்றன. பிரான்ஸ் நாட்டிலிருந்து வந்த ஆன்ரி கூரோ, தம் மனைவியின் முகத்தில் கோடுகள் வரைந்து அளந்து, அம்முகத்தைக் கணினிக்குள் கொண்டு வந்தார். தட்டையான துண்டுகளால் ஆன உருவத்தை வழவழப்பாகக் காட்டும் அவருடைய முறை 1971-இல் வெளியானது. எட் கேட்மல் 1974-இல், எந்தப் பொருள் முன்னே இருக்கிறது, எது மறைகிறது என்பதைப் புள்ளி புள்ளியாகக் கண்டறியும் முறையைத் தமது ஆய்வேட்டில் விளக்கினார். பின்னாளில் பிக்சார் திரைப்பட நிறுவனத்தை அமைத்தவர்களுள் ஒருவர் அவர்.

தென்கிழக்காசிய வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டிய ஒருவரும் அங்கு இருந்தார். அவர் பெயர் பூய் துவோங் ஃபோங். 1942-இல் ஹனோயில் பிறந்தவர். ஒரு பொருளின் மீது படும் ஒளியைச் சூழலின் ஒளி, பரவிச் சிதறும் ஒளி, பளபளக்கும் ஒளி என மூன்றாகப் பிரித்துக் கணக்கிடும் முறையை 1973-இல் தம் ஆய்வேட்டில் தந்தார். அக்கட்டுரை 1975-இல் ஆய்விதழில் வெளிவந்தது. அதே ஆண்டில் இரத்தப் புற்றுநோயால் அவர் காலமானார். வயது 32 மட்டுமே. இன்றும் உலகில் எந்த மூலையில் ஒரு மாணவர் வரைகலை கற்கத் தொடங்கினாலும், அவர் எழுதும் முதல் ஒளிக் கணக்கு பெரும்பாலும் ஃபோங்கின் கணக்காகவே இருக்கிறது.

அதே 1975-இல் மார்ட்டின் நியூவெல் என்ற ஆய்வாளருக்குத் தம் நிரல்களைச் சோதித்துப் பார்க்க ஒரு பொருள் தேவைப்பட்டது. உருண்டையும் கனசதுரமும் போதவில்லை. வளைவு இருக்க வேண்டும், கைப்பிடியில் ஓட்டை இருக்க வேண்டும், தன் நிழல் தன் மீதே விழ வேண்டும். தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது அவர் மனைவி சாண்ட்ரா, மேசை மேலிருந்த தேநீர்க் கூஜாவையே வரையலாமே என்றார். நியூவெல் அதைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து, புள்ளிகளின் எண்களைக் கணினியில் ஏற்றினார். அந்த எண்களைப் பிறரும் எடுத்துக்கொள்ள விட்டார். அன்று முதல் உலகெங்கும் புதிய வரைகலை முறை கண்டவர்கள் எல்லாம் முதலில் அந்தக் கூஜாவைத்தான் வரைந்து பார்த்தனர். அசல் கூஜா இப்போது கலிஃபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தக் கூஜாவில் இரண்டு குறைகள் உண்டு. முதலில் தயாரான வடிவத்திற்கு அடிப்பாகமே கிடையாது. மேலும், உடன் பணியாற்றிய ஜிம் பிளின் ஒருமுறை உயரத்தைக் குறைத்துக் காட்டியது அப்படியே நிலைத்துவிட்டதால், கணினிக் கூஜா அசலைவிடக் குட்டையாக இருக்கும். ஆகவே, சோதனைக்கென்று வந்த பொருளையும் சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

வரைகலைக்கு வந்த நூல்கள்

ஆய்வேடுகளில் சிதறிக் கிடந்த அறிவை முதன்முதலில் பாடநூலாகத் தொகுத்தவர்களுள் வில்லியம் நியூமனும் ராபர்ட் ஸ்ப்ரூலும் முக்கியமானவர்கள். அவர்களுடைய 'பிரின்சிபிள்ஸ் ஆஃப் இன்டராக்டிவ் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்' 1973-இல் வெளிவந்தது. 1982-இல் ஜேம்ஸ் ஃபோலி, ஆண்ட்ரிஸ் வான் டாம் இருவரும் ஒரு நூல் எழுதினர். அது 1990-இல் மேலும் இரு ஆசிரியர்களின் துணையுடன் 'கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்: பிரின்சிபிள்ஸ் அண்ட் பிராக்டிஸ்' என்ற பெயரில் ஆயிரம் பக்கங்களைத் தாண்டி விரிந்தது. பல தலைமுறை மாணவர்கள் அதை ஆசிரியர் பெயரால் 'ஃபோலி, வான் டாம்' என்றே அழைத்தனர்.

இதற்கிடையே யூட்டாவின் மற்றொரு மாணவரான ஜிம் கிளார்க், சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். அந்நிறுவனம் 1992-இல் 'ஓப்பன்ஜிஎல்' என்னும் பொதுத் தரத்தை வெளியிட்டது. எந்த நிறுவனத்தின் கணினியானாலும் ஒரே கட்டளைகளால் படம் வரையலாம் என்பதே அதன் நோக்கம். 1993-இல் வந்த அதன் வழிகாட்டி நூலுக்கு அட்டை சிவப்பு. நிரலர்கள் அதைச் 'சிவப்புப் புத்தகம்' என்றும், கட்டளை விளக்க நூலை 'நீலப் புத்தகம்' என்றும் அழைத்தார்கள்.

இங்குதான் பெற்றோரும் மாணவரும் கவனிக்க வேண்டிய பாடம் இருக்கிறது. 2004-க்குப் பின் வரைகலைச் சில்லுக்குள்ளேயே நிரல் எழுதும் முறை ஓப்பன்ஜிஎல்லில் முதன்மையாயிற்று. 2008-இல் பழைய கட்டளைகள் கைவிடப்பட வேண்டியவை என அறிவிக்கப்பட்டன. 2016-இல் 'வல்கன்' என்ற புதிய தரம் வந்தது. எனவே சிவப்புப் புத்தகத்தின் பழைய பதிப்பை மலிவு விலையில் வாங்கியவர் இன்று ஏமாந்து போவார். ஆனால் அதே ஆண்டுகளில் அச்சான ஃபோலி, வான் டாம் நூலில் உள்ள கோட்டுக் கணக்கும், சுழற்சிக் கணக்கும், ஒளிக் கணக்கும் மாறவே இல்லை. கருவியைக் கற்பிக்கும் நூலுக்குப் பதிப்பு ஆண்டு பார்த்து வாங்க வேண்டும். அடிப்படையைக் கற்பிக்கும் நூலை நூலகத்தில் கிடைத்த பதிப்பிலேயே படிக்கலாம்.

முக்கோணத்தில் மறைந்திருந்த பிழைகள்

மென்பொருள் சோதனையின் கதையைப் பலரும் ஒரு பூச்சியிலிருந்து தொடங்குவர். 1947 செப்டம்பர் 9-ஆம் நாள், ஹார்வர்டு மார்க்-2 கணினியின் மின்தொடர்பியில் சிக்கிய அந்துப்பூச்சியை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி வைத்தார்கள். பிழையைப் 'பூச்சி' என்று அழைக்கும் வழக்கம் அன்றே பிறந்தது எனச் சொல்வது சரியன்று. 1878-லேயே தாமஸ் எடிசன் தம் கடிதத்தில் அச்சொல்லை அதே பொருளில் எழுதியிருக்கிறார்.

சோதனை ஒரு தனிக் கல்வியாக உருவாகச் சில காலம் ஆயிற்று. 1972-இல் பில் ஹெட்செல், வட கரோலைனாவில் மென்பொருள் சோதனைக்கென்றே ஒரு மாநாட்டைக் கூட்டினார். 1979-இல் கிளன்ஃபோர்டு மையர்ஸ் எழுதிய 'தி ஆர்ட் ஆஃப் சாஃப்ட்வேர் டெஸ்டிங்' வெளிவந்தது. அதுவரை, நிரல் சரியாக இயங்குகிறது என்று காட்டுவதே சோதனை எனக் கருதப்பட்டது. மையர்ஸ் அதைத் தலைகீழாக்கினார். தவறு கண்டுபிடிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு நிரலை இயக்குவதே சோதனை என்றார். தவறு எதையும் காட்டாத சோதனையை வெற்றி என்று கொண்டாடுவது, நோயைக் கண்டறியாத மருத்துவப் பரிசோதனையைப் பாராட்டுவது போன்றது என்பது அவர் வாதம்.

நூலின் தொடக்கத்திலேயே வாசகருக்கு ஒரு தேர்வு வைத்தார். ஒரு நிரல் மூன்று முழு எண்களை வாங்குகிறது. அவை ஒரு முக்கோணத்தின் பக்கங்கள். அது சமபக்க முக்கோணமா, இருசமபக்க முக்கோணமா, அசமபக்க முக்கோணமா என்று நிரல் சொல்ல வேண்டும். தொடக்கப்பள்ளிக் கணிதம்தான். இந்த நிரலை எந்தெந்த எண்களைக் கொடுத்துச் சோதிப்பீர்கள்?

பெரும்பாலோர் 3, 4, 5 என்றும், 5, 5, 5 என்றும், 3, 3, 4 என்றும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வர். ஆனால் 3, 3, 4 கொடுத்தால் போதுமா? 3, 4, 3 என்றும் 4, 3, 3 என்றும் வரிசை மாற்றிக் கொடுக்க வேண்டாமா? 1, 2, 3 கொடுத்தால் முக்கோணமே உருவாகாதே, அது ஒரு நேர்க்கோடாகிவிடுமே, நிரல் என்ன சொல்லும்? ஒரு பக்கம் பூஜ்யமானால்? குறை எண்ணானால்? மூன்றுக்குப் பதில் இரண்டு எண் மட்டும் கொடுத்தால்? இப்படி 14 கேள்விகளை மையர்ஸ் பட்டியலிட்டார். அனுபவமுள்ள நிரலர்கள்கூட சராசரியாக 7.8 மதிப்பெண்ணே பெறுகின்றனர் என்றும் எழுதினார். சில வரிகளில் முடியும் நிரலுக்கே இந்த நிலை என்றால், லட்சக்கணக்கான வரிகள் கொண்ட நிரலை என்னென்று சொல்வது?

உயிரைப் பறித்த பிழை

இது ஏதோ புத்தக விவாதம் அன்று என்பதை அடுத்த சில ஆண்டுகளில் உலகம் கண்டது. கனடாவில் தயாரான தெராக்-25 என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலுமாகக் குறைந்தது 6 நோயாளிகளுக்கு மிதமிஞ்சிய கதிர்வீச்சைச் செலுத்தியது. அவர்களில் சிலர் உயிரிழந்தனர்.

காரணங்களுள் ஒன்று மிகச் சிறியது. இயந்திரத்தை இயக்குபவர் திரையில் தவறாகத் தட்டியதைச் சில விநாடிகளுக்குள் விரைந்து திருத்தினால், திரை ஒன்றைக் காட்டும், இயந்திரம் வேறொன்றைச் செய்யும். புதிதாக வேலைக்கு வந்து நிதானமாகத் தட்டுபவரிடம் அப்பிழை தலைகாட்டாது. பழகிப் பழகி வேகமாகத் தட்டுபவரிடம் மட்டுமே வெளிப்படும். இதற்கு முந்திய மாதிரியிலும் இத்தகைய மென்பொருள் குறை இருந்தது. ஆனால் அதிலிருந்த தனி மின்பாதுகாப்புப் பூட்டு ஆபத்தைத் தடுத்துவிட்டது. மென்பொருளை நம்பிப் புதிய இயந்திரத்தில் அந்தப் பூட்டை எடுத்துவிட்டார்கள். நான்சி லெவ்சனும் கிளார்க் டர்னரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு வரிப் பிழையை மட்டும் குற்றம் சொல்லவில்லை. போதிய சோதனையும் புகார்களைக் காது கொடுத்துக் கேட்கும் பண்பும் இல்லாத நடைமுறையையே சுட்டிக் காட்டியது. சோதனைப் பணியை இரண்டாம் தரம் என்று நினைப்பவர்கள் படிக்க வேண்டிய ஆய்வு அது.

சோதனைக்கு வந்த நூல்களும் கருவிகளும்

1983-இல் போரிஸ் பைசரின் 'சாஃப்ட்வேர் டெஸ்டிங் டெக்னிக்ஸ்' வந்தது. ஒரே பூச்சிமருந்தைத் தொடர்ந்து தெளித்தால் எஞ்சிய பூச்சிகள் அதற்கு அடங்காமல் போவது போல, ஒரே சோதனைகளைத் திரும்பத் திரும்பச் செய்தால் புதிய பிழைகள் அகப்படா என்று அவர் விளக்கினார். 1988-இல் செம் கேனர் 'டெஸ்டிங் கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர்' எழுதினார. உளவியலில் முனைவர் பட்டமும் சட்டப் படிப்பும் பெற்ற அவர், கால அவகாசம் இல்லாத உண்மையான அலுவலகத்தில் சோதனை செய்வது எப்படி, கண்ட பிழையை நிரலர் ஏற்கும்படி எழுதுவது எப்படி என்று கற்பித்தார்.

கருவிகளின் கதை சுவையானது. 1997-இல் சூரிக் நகரிலிருந்து அட்லாண்டாவுக்கு ஒரு மாநாட்டிற்குப் பறந்துகொண்டிருந்த கென்ட் பெக்கும் எரிக் காமாவும் விமானத்திலேயே ஒரு சிறு கருவியை எழுதினர். அதுவே ஜேயூனிட். சோதனையையும் நிரலாகவே எழுதி வைத்து, ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் இயங்கும். சரியென்றால் பச்சைப் பட்டை, தவறென்றால் சிவப்புப் பட்டை. அதே அமைப்பு பின்னர் பல நிரல்மொழிகளுக்கும் சென்றது. 1998-இல் மொசில்லா திட்டம், பிழைகளைப் பதிந்து பின்தொடரும் பக்சில்லாவை வெளியிட்டது. 2004-இல் சிகாகோவில் ஜேசன் ஹக்கின்ஸ், இணையப் பக்கங்களைத் தானாகவே சொடுக்கிச் சோதிக்கும் செலினியத்தை உருவாக்கினார். அப்போது விலையுயர்ந்த சோதனைக் கருவிகளை விற்று வந்த நிறுவனத்தின் பெயர் மெர்க்குரி, அதாவது பாதரசம். பாதரச நஞ்சுக்குச் செலினியம் முறிவு என்ற நகைச்சுவையிலிருந்து வந்த பெயர் அது.

பூட்டைத் திறந்த கருவிகள்

வரைகலைக் கருவிகள் ஒரு காலத்தில் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு எட்டாக்கனி. அந்தப் பூட்டு ஒரே நாளில் திறக்கவில்லை. பிரையன் பால் 1993-இல் ஓய்வு நேரத்தில் எழுதத் தொடங்கிய 'மீசா', ஓப்பன்ஜிஎல் நிரல்களைச் சாதாரணக் கணினியிலும் இலவசமாக இயக்க வழி செய்தது. 2002-இல் நெதர்லாந்தில் 'பிளெண்டர்' என்ற முப்பரிமாண மென்பொருளை வைத்திருந்த நிறுவனம் மூடப்பட்டது. அதை உருவாக்கிய டான் ரோசெண்டால், 100,000 யூரோ திரட்டிக் கொடுத்தால் மென்பொருளை எல்லாருக்கும் உரியதாக்கலாம் என்று முதலீட்டாளர்களிடம் ஒப்பந்தம் பேசினார். உலகெங்குமுள்ள பயனர்கள் சிறுகச் சிறுக அனுப்பிய பணம் ஏழே வாரங்களில் அந்தத் தொகையை எட்டியது. அந்தப் பிளெண்டரில் உருவான லாட்விய நாட்டுப் படமான 'ஃப்ளோ', 2025-இல் சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஆஸ்கார் விருதை வென்றது.

நூல்களும் அவ்வழியே வந்தன. மேட் ஃபார், கிரெக் ஹம்ஃப்ரீஸ் இருவரும் 2004-இல் வெளியிட்ட 'ஃபிசிக்கலி பேஸ்டு ரெண்டரிங்' நூலில் விளக்கமும் முழு நிரலும் பக்கத்துக்குப் பக்கம் பின்னிப் பிணைந்திருக்கும். திரைப்படத் துறைக்கு அந்நூல் செய்த பங்களிப்புக்காக, அவ்விருவருக்கும் அப்பணிக்கு அடித்தளமிட்ட பேட் ஹன்ராஹனுக்கும் 2014-இல் ஆஸ்கார் கழகத்தின் அறிவியல் தொழில்நுட்ப விருது கிடைத்தது. 2018 முதல் அந்நூலை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

இரண்டும் சேரும் இடம்

1984-இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு வெறும் பெட்டியை வரைந்தனர். இன்று பரவலாக அறியப்பட்ட வடிவில் அதன் ஒரு பக்கச் சுவர் சிவப்பு, மறுபக்கச் சுவர் பச்சை. சிவப்புச் சுவரில் பட்ட ஒளி வெள்ளைத் தரையில் இலேசாகச் சிவந்து படிய வேண்டும். கணினி அதைச் சரியாகக் கணக்கிட்டதா? அதை அறிய உண்மையான பெட்டி ஒன்றையும் செய்து வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். படம் அழகாக இருக்கிறதா என்று கேட்பது கலைஞரின் கேள்வி. படம் உண்மையாக இருக்கிறதா என்று கேட்பது சோதனையாளரின் கேள்வி. இரண்டையும் ஒருவரே கேட்டபோதுதான் துறை வளர்ந்தது. இன்றும் வரைகலை மென்பொருளை மாற்றும்போதெல்லாம், சரியென்று முன்பே ஏற்றுக்கொண்ட படத்தோடு புதிய படத்தைப் புள்ளி புள்ளியாக ஒப்பிட்டுச் சோதிக்கிறார்கள்.

எங்கே தொடங்குவது?

வரைகலை கற்க விரும்பும் இளையோர் பீட்டர் ஷெர்லி 2016-இல் வெளியிட்ட 'ரே டிரேசிங் இன் ஒன் வீக்எண்ட்' என்ற சிறு நூலில் தொடங்கலாம். இணையத்தில் இலவசம். படத்தை வெறும் எண்களாக ஒரு கோப்பில் எழுதச் சொல்வதால் தனிக் கருவி எதுவும் தேவையில்லை. அடுத்து, 1999-இல் முதற்பதிப்பும் 2018-இல் நான்காம் பதிப்பும் கண்ட 'ரியல்-டைம் ரெண்டரிங்' நூலை நூலகத்தில் தேடலாம். பழகிப் பார்க்கப் பிளெண்டரும், இணைய உலாவியிலேயே இயங்கும் வெப்ஜிஎல்லும் போதும். திசையன், அணி ஆகிய கணிதப் பாடங்களில் அடித்தளம் இல்லாமல் எந்த நூலும் உதவாது என்பதை மட்டும் மறக்கலாகாது.

சோதனை கற்பவர் மையர்சின் முக்கோணத்திலிருந்து தொடங்குவதே முறை. நூலைத் திறக்கும் முன் தாமே ஒரு தாளில் பட்டியல் எழுதிப் பார்த்துவிட்டுப் பிறகு 14 கேள்விகளோடு ஒப்பிட வேண்டும். பின்னர் கேனரின் நூல். கருவியாக, கற்கும் மொழிக்கேற்ப ஜேயூனிட் அல்லது பைடெஸ்ட், இணையப் பக்கங்களுக்குச் செலினியம். இவை எல்லாமே இலவசம்.

ஆக, நூறு வெள்ளி கொடுத்து நூல் வாங்க முடியாத குடும்பத்துப் பிள்ளைக்கும் இன்று இவ்விரு துறைகளின் கதவு திறந்தே இருக்கிறது. வீட்டில் ஒரு பழைய கணினியும் இணைய இணைப்பும் இருந்தால் போதும். பிள்ளை தான் வரைந்த கூஜாவைக் காட்ட ஓடி வரும்போது பாராட்டுகின்ற பெற்றோர், "இதற்கு அடிப்பாகம் இருக்கிறதா, திருப்பிக் காட்டு பார்க்கலாம்" என்றும் கேட்டுப் பழக்கினால், அந்தப் பிள்ளை இரண்டு துறையையும் ஒருசேரக் கற்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.